மொட்டை மாடி அறைக்கு ஆறு பரப்புகள்: எனர்ஜிபிளஸில் சுவர், கூரை, ஜன்னல் வரைவது எப்படி?

கத்திரி வெயில் நடக்கும் மே மாதத்தில் சென்னையின் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வடக்கே போய்விடுகிறது. இதை மறந்துபோனதால் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு மாடி வீட்டுக்கு வெப்பக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தேன். கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் மென்பொருளான எனர்ஜிபிளஸ் ஒரு பிழையும் சொல்லவில்லை. மே மாதம் முழுக்க வடக்குச் சுவரில் நேரடி வெயில் பூஜ்யம் என்று வந்தது. வடக்குச் சுவர்தானே, வெயில் படாதது நியாயம்தான் என்று அறிக்கையில் அப்படியே போட்டுவிட்டேன். கூட்டத்தில் இருந்த மூத்த இன்ஜினியர் ஒருவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, கத்திரியில எங்க வீட்டு வடக்குச் சுவத்தோரமாத்தான் வத்தல் காயப்போடுவோம். உங்க கணக்குல அங்க வெயிலே இல்லேங்கறீங்களே?"

திரும்பி வந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தச் சுவரின் நான்கு முனைகளையும் தலைகீழ் வரிசையில் கொடுத்திருந்தேன். எனக்கு அது வடக்குச் சுவர். மென்பொருளுக்கு அது தெற்கு பார்த்த சுவர். பெயரில் 'வடக்கு' என்று எழுதியிருந்தது மென்பொருளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் ஏசி, கால அட்டவணை, மின்கட்டணம் எதுவும் கிடையாது. ஓர் அறையின் ஆறு பரப்புகளைக் கையால் எழுதுவது, ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு சன்ஷேட் சேர்ப்பது, எழுதியது சரிதானா என்று சூரியனை வைத்தே சோதிப்பது. அவ்வளவுதான். ஸ்கெட்ச்அப், டிசைன்பில்டர் மாதிரி படம் வரையும் கருவிகள் இருக்கும்போது எதற்குக் கையால் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அவையும் கடைசியில் இதே எண்களைத்தான் எழுதித் தருகின்றன. ஓர் அறையையாவது கையால் எழுதியிராதவருக்கு, கருவி தப்பாக எழுதினால் எங்கே தேடுவது என்று தெரியாது.

எனர்ஜிபிளஸ் இலவசம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் வளர்ந்தது. முதல் பதிப்பு 2001-இல் வந்தது. உள்ளீடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, ஐடிஎஃப் என்பார்கள். விண்டோஸில் அதற்கென்று ஐடிஎஃப் எடிட்டர் கூடவே வரும். மற்றவர்களுக்கு நோட்பேட் மாதிரி எதுவானாலும் போதும். கோப்புக்குள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். சுவர், ஜன்னல் என்று கோப்பில் எழுதும் ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்', அதைப் பற்றிய ஒவ்வொரு விவரமும் ஒரு 'புலம்'. ஒவ்வொரு புலத்துக்குப் பின்னும் கமா, கடைசிப் புலத்துக்குப் பின் அரைப்புள்ளி, ஆச்சரியக்குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் நமக்கான குறிப்பு. அரைப்புள்ளிக்குப் பதில் கமா விழுந்துவிட்டால் அடுத்த பொருளையும் இதோடு சேர்த்துப் படித்துவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டும்.

காகிதத்தில் முதலில்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை இருக்கிறது. வெளி அளவு ஏறத்தாழ 13 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. கணக்குக்கு கிழக்கு மேற்காக 4 மீட்டர், தெற்கு வடக்காக 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தெற்கில் ஒரு ஜன்னல், கிழக்கில் கதவு. கீழே வீடு. மேற்கில், ஒரு சந்து தள்ளி, நம்மைவிட உயரமான பக்கத்து வீடு.

அடி கணக்கில் இருக்கும் பிளானை மாற்ற 0.3048-ஆல் பெருக்குங்கள். பிளான் மில்லிமீட்டரில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 3000 என்று இருப்பதை அப்படியே அடித்தால் மூன்று கிலோமீட்டர் உயர அறை கிடைக்கும். தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான்.

அடுத்த கேள்வி, சுவரின் உள் அளவா, வெளி அளவா? எனர்ஜிபிளஸில் பரப்பு என்பது தடிமனே இல்லாத ஒரு தாள். ஒன்பது அங்குலச் சுவரின் தடிமன் பரப்பில் இருக்காது, அந்தச் சுவருக்குக் கொடுக்கும் அடுக்குப் பட்டியலான கன்ஸ்ட்ரக்‌ஷனில் இருக்கும். அதனால் தாளை எங்கே நிறுத்துவது என்பது நம் முடிவு. வெளிச்சுவருக்கு வெளி அளவு, இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவருக்கு நடுக்கோடு என்பது பரவலான பழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன், ஏனென்றால் வெயில் படுவது வெளிப்பரப்பில். ஆனால் அறைக்குள்ளிருக்கும் காற்றின் கன அளவு கொஞ்சம் கூடுதலாக வரும். அது உறுத்தினால் ஸோனில், அதாவது அறையைக் குறிக்கும் பொருளில், கன அளவை நீங்களே எழுதிவிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோப்பு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தென்மேற்கு மூலையை, அதாவது வாஸ்துக்காரர் கன்னி மூலை என்று சொல்வாரே அதை, (0, 0, 0) ஆக வையுங்கள். எக்ஸ் கிழக்கே போகும், ஒய் வடக்கே போகும், இசட் மேலே போகும். காகிதத்தில் எட்டு மூலைகளையும் குறித்து, எண்களை எழுதி, மேசையில் ஒட்டி வையுங்கள். திரையைப் பார்த்து மனக்கணக்காகப் போட்டால் எங்கோ ஓர் இடத்தில் ஒய்யும் எக்ஸும் இடம் மாறும்.

விதியை முதலில் எழுதுங்கள்

புதுக் கோப்பை வெறுமையிலிருந்து தொடங்க வேண்டாம். மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டுக் கோப்புகளில் 'ஒன் ஸோன் அன்கன்ட்ரோல்ட்' என்று ஒன்று இருக்கும். 15.24 மீட்டர் சதுரத்தில் ஒரே ஓர் அறை, ஏசி கிடையாது. 15.24 என்பது நம்ம 50 அடிதான். அதை நகல் எடுத்து, பரப்புகளை நீக்கிவிட்டு, நம்முடையதை எழுதலாம். அதில் இருக்கும், ஏசியின் அளவைக் கணக்கிடுவதற்கான வடிவமைப்பு நாள் விவரங்கள் அமெரிக்காவின் டென்வர் நகரத்துடையவை, அவற்றையும் எடுத்துவிடுங்கள். வானிலைக் கோப்பாக, இந்திய ஏசி பொறியாளர்கள் சங்கமான ஐஷ்ரேயின் தரவில் உருவான சென்னைக் கோப்பைக் கொடுங்கள். கோப்பின் பெயரில் 432790 என்ற நிலைய எண் இருக்கும், அது மீனம்பாக்கம்.

பழைய பதிப்பில் எழுதிய கோப்பை யாராவது தந்தால் நேராக ஓட்டாதீர்கள். புதிய பதிப்புகளில் பரப்புக்கு 'ஸ்பேஸ் நேம்' என்று ஒரு புலம் கூடுதலாக நுழைந்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். கூடவே வரும் பதிப்பு மாற்றும் கருவியில் ஒருமுறை போட்டு எடுத்தால் போதும்.

'குளோபல்ஜியாமெட்ரிரூல்ஸ்' என்ற பொருளில் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதல் முனை எது: அப்பர்லெஃப்ட்கார்னர், அதாவது மேல் இடது மூலை. எந்தச் சுற்றில் போவது: கவுன்ட்டர்கிளாக்வைஸ், நம் மொழியில் இடஞ்சுழி. ஆயங்கள், அதாவது எக்ஸ், ஒய், இசட் எண்கள், எதற்குச் சார்பானவை: ரிலேட்டிவ்.

இந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'வேர்ல்ட்' என்று கொடுத்தால் கட்டடத்தின் வடக்கு அச்சையும் ஸோனின் தொடக்கப் புள்ளியையும் மென்பொருள் கண்டுகொள்ளாது. சென்னையில் எத்தனை தெரு சரியாக வடக்கு தெற்காக ஓடுகிறது? மனை 20 டிகிரி திரும்பியிருந்தால், ஆயங்களை எல்லாம் சைன், கொசைன் போட்டுத் திருப்பத் தேவையில்லை. அறையை நேராகவே எழுதி, 'பில்டிங்' பொருளில் வடக்கு அச்சுக்கு 20 என்று கொடுத்தால் முழுக் கட்டடமும் கடிகாரத் திசையில் திரும்பும். இந்த வசதி ரிலேட்டிவ் என்று கொடுத்தால்தான் வேலை செய்யும். அதேபோல நம் அறை தரையிலிருந்து 6.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்லா இசட்டிலும் 6.5-ஐக் கூட்ட வேண்டாம். ஸோனின் தொடக்கப் புள்ளியில் இசட் 6.5 என்று ஒரே இடத்தில் எழுதினால் சரி. உயரத்தை விட்டுவிடக் கூடாது, காற்றின் வேகம் அதைப் பொறுத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

வெளியே நின்று பாருங்கள்

எல்லாக் குழப்பமும் இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம்.

மேல் இடது மூலை என்று சொன்னேன். யாருடைய இடது? அறைக்கு வெளியே நின்று அந்தச் சுவரை நேருக்கு நேர் பார்ப்பவருடைய இடது. உள்ளே நின்று பார்த்தால் இடதும் வலதும் மாறிவிடும், சுவரும் திரும்பிவிடும். நான் தப்பு செய்தது அங்கேதான்.

மனதுக்குள் மொட்டை மாடியில் அறையைச் சுற்றி நடங்கள். தெற்குப் பக்கம் வந்து நின்று சுவரைப் பாருங்கள். முகம் வடக்கே இருக்கிறது, இடது கை மேற்கே. ஆகவே மேல் இடது மூலை என்பது மேற்கு முனையின் உச்சி. அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் நடந்து, மேலே ஏறினால் இடஞ்சுழி:

தெற்குச் சுவர்: (0, 0, 3) → (0, 0, 0) → (4, 0, 0) → (4, 0, 3)

கிழக்கே வந்து நில்லுங்கள். முகம் மேற்கே, இடது கை தெற்கே:

கிழக்குச் சுவர்: (4, 0, 3) → (4, 0, 0) → (4, 3, 0) → (4, 3, 3)

வடக்கே வந்தால் முகம் தெற்கே, இடது கை கிழக்கே. எக்ஸ் 4-இலிருந்து 0-க்குக் குறைந்துகொண்டு போகும். பார்க்கத் தப்பு மாதிரி இருக்கும், அதுதான் சரி:

வடக்குச் சுவர்: (4, 3, 3) → (4, 3, 0) → (0, 3, 0) → (0, 3, 3)

மேற்குச் சுவர்: (0, 3, 3) → (0, 3, 0) → (0, 0, 0) → (0, 0, 3)

ஒரு சோதனை. ஒவ்வொரு சுவரின் மூன்றாம், நான்காம் முனைகளும் அடுத்த சுவரின் இரண்டாம், முதல் முனைகளோடு அச்சாகப் பொருந்த வேண்டும். தெற்கின் (4, 0, 0), (4, 0, 3) இரண்டும் கிழக்கில் அப்படியே வருகின்றன பாருங்கள். ஓரிடத்தில் 3.66, இன்னோரிடத்தில் 3.658 என்று எழுதினால் மூலையில் இடுக்கு விழும், அறை மூடப்படவில்லை என்று எச்சரிக்கை வரும்.

கூரையும் தரையும் பலரைக் கவிழ்ப்பவை. கூரையின் வெளிப்பக்கம் வானம். மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி, கோயிலில் சுற்றுவதற்கு எதிர்த்திசை. தரையின் வெளிப்பக்கம் கீழே. கீழ் வீட்டிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக இருக்க வேண்டும் என்றால், மேலிருந்து பார்ப்பவருக்கு வலஞ்சுழி. என் மனப்பாடம் இது: மாடியில் நின்று பார்த்தால் கூரை அப்பிரதட்சிணம், தரை பிரதட்சிணம்.

கூரை: (0, 3, 3) → (0, 0, 3) → (4, 0, 3) → (4, 3, 3)

தரை: (0, 0, 0) → (0, 3, 0) → (4, 3, 0) → (4, 0, 0)

சந்தேகம் வந்தால் வலது கை இருக்கிறது. நான்கு விரல்களை முனைகள் போகும் போக்கில் மடக்குங்கள். கட்டைவிரல் அறைக்கு வெளியே நீட்டினால் சரி. எங்கள் ஆபீஸில் யாராவது திரைக்கு முன்னால் கையைக் காற்றில் திருப்பிக்கொண்டிருந்தால், என்ன வேலை நடக்கிறது என்று கேட்காமலே தெரிந்துவிடும்.

கூரையையோ தரையையோ தலைகீழாகக் கொடுத்தால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். தரை என்று பெயர் வைத்துவிட்டு மேலே பார்த்தால், சாய்வுக் கோணம் 180-க்கு அருகில் இருக்க வேண்டுமே என்று எச்சரித்து, தானே திருத்தவும் முயலும். சுவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எந்தத் திசை பார்த்தாலும் சுவர் சுவர்தானே. அதற்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

பரப்புக்கு உடம்பு கொடுப்பது

இந்த ஆறையும் 'பில்டிங்சர்ஃபேஸ்:டீடெயில்ட்' என்ற பொருளில் எழுதுகிறோம். 'வால்:எக்ஸ்டீரியர்', 'ரூஃப்' என்று எளிய வடிவங்களும் உண்டு. அவற்றில் நான்கு முனைகள் வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கும்போது கீழ் இடது மூலை, நீளம், உயரம், திசைக்கோணம், சாய்வு கொடுத்தால் போதும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. நம் தெற்குச் சுவர் என்றால் திசைக்கோணம் 180, சாய்வு 90, தொடக்கம் (0, 0, 0), நீளம் 4, உயரம் 3.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வடக்குச் சுவருக்குத் தொடக்கத்தை (4, 3, 0) என்று கொடுக்காமல் பழக்கதோஷத்தில் (0, 3, 0) என்று கொடுத்தால், சுவர் அறையை விட்டு மேற்கே 4 மீட்டர் நீட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழையும். கூரை, தரை விஷயத்தில் படுத்திருக்கும் பரப்புக்கு எந்தத் திசைக்கோணம் என்று யோசிக்கும்போதே தலை சுற்றும். செவ்வகமல்லாத ஒரு சுவர் வந்தாலும் மாட்டிக்கொள்வோம். முனைகளையே எழுதிப் பழகிவிடுங்கள் என்பது என் கட்சி.

முனைகளுக்கு முன்னால் சில புலங்கள் உண்டு. நான்கு சுவர், கூரைக்கு வெளி எல்லை 'அவுட்டோர்ஸ்', வெயில் 'சன்எக்ஸ்போஸ்ட்', காற்று 'விண்ட்எக்ஸ்போஸ்ட்'. நகல் எடுத்து ஒட்டும்போது வெயில் படாது என்று சொல்லும் தரையின் 'நோசன்' கூரைக்கு வந்துவிட்டால் சென்னையிலேயே குளிர்ச்சியான மொட்டை மாடி உங்களுடையதுதான்.

தரைக்கு என்ன எல்லை? மண்ணில் உட்கார்ந்திருந்தால் 'கிரவுண்ட்'. நம்முடையது கீழ் வீட்டின் கூரைமேல் இருக்கிறது. கீழேயும் ஏறத்தாழ இதே வெப்பம்தான் என்று எடுத்துக்கொண்டால் 'அடியாபாட்டிக்', தரை வழியாக வெப்பம் போவதுமில்லை வருவதுமில்லை என்று பொருள். முதல் மாடலுக்கு அது போதும். கீழ் வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடி, மேலே வெறும் ஃபேன் மட்டும் என்றால் இது பொய்க் கணக்கு. அப்போது கீழ் வீட்டையும் இன்னொரு ஸோனாக எழுதி, நம் தரையையும் அதன் கூரையையும் ஒன்றுக்கொன்று ஜோடியாகக் காட்ட வேண்டும். ஜோடியில் முனைகளின் சுற்றும் எதிர், அடுக்குகளின் வரிசையும் எதிர்.

அடுக்கு வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது. கன்ஸ்ட்ரக்‌ஷனில் கட்டுமானப் பொருள்களை வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். எங்கள் மாடிக் கூரையில் வெளியே தட்டோடு, அதன்கீழ் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெதரிங் கோர்ஸ், அப்புறம் ஆர்சிசி தளம், உள்ளே சிமென்ட் பூச்சு. இதைக் கவிழ்த்து எழுதினால் தட்டோடு அறைக்குள் சீலிங்காகத் தொங்கும். முனைகளைச் சரியாகக் கொடுத்து அடுக்கைக் கவிழ்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொருள்களின் எண்களுக்கு இந்தியத் தரநிலை அட்டவணைகள் இருக்கின்றன. ஆர்சிசி: அடர்த்தி 2288, வெப்பக் கடத்துதிறன் 1.58, தன்வெப்பம் 0.88. சுட்ட செங்கல்: 1820, 0.811, 0.88. சிமென்ட் பூச்சு: 1762, 0.721, 0.84. சுண்ணாம்புக் கான்கிரீட்: 1646, 0.73, 0.88. அட்டவணையில் தன்வெப்பம் கிலோஜூலில் இருக்கும், எனர்ஜிபிளஸ் ஜூலில் கேட்கும். 880 என்று எழுத வேண்டும். 0.88 என்று எழுதினால் ஓடவே மறுக்கும், அந்த மட்டில் நல்லது.

ஜன்னல், கதவு, சன்ஷேட்

ஜன்னல் 1.2 மீட்டர் சதுரம், தரையிலிருந்து 0.9 உயரத்தில், தெற்குச் சுவரின் நடுவே. 'ஃபெனஸ்ட்ரேஷன்சர்ஃபேஸ்:டீடெயில்ட்' என்ற பொருளில் அதே விதிப்படி:

ஜன்னல்: (1.4, 0, 2.1) → (1.4, 0, 0.9) → (2.6, 0, 0.9) → (2.6, 0, 2.1)

கிழக்குக் கதவு, 0.9 அகலம், 2.1 உயரம்:

கதவு: (4, 0.3, 2.1) → (4, 0.3, 0) → (4, 1.2, 0) → (4, 1.2, 2.1)

சுவரில் ஓட்டை போட வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். எந்தச் சுவரில் ஜன்னல் என்று பெயரைச் சொன்னால் மென்பொருளே ஜன்னலின் பரப்பளவைக் கழித்துக்கொள்ளும். தெற்குச் சுவர் 12 சதுர மீட்டர், ஜன்னல் 1.44, மிச்சம் 10.56. கிழக்கு 9-இல் கதவு 1.89 போக 7.11. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும். ஜன்னல் சுவருக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நீண்டாலும் எச்சரிக்கை வரும். முழுச் சுவரையும் ஜன்னலாக்கினால் சுவருக்குப் பரப்பு மிஞ்சாமல் பெரிய பிழையே வரும்.

சன்ஷேடுக்கு முனைகளே வேண்டாம். 'ஷேடிங்:ஓவர்ஹேங்' பொருளில் எந்த ஜன்னல், அதற்கு மேல் எவ்வளவு உயரத்தில் (0.1), சாய்வு (90), இடமும் வலமும் எவ்வளவு கூடுதல் (0.15, 0.15), எவ்வளவு நீட்டம் (0.6) என்று சொன்னால் முடிந்தது. நிழல் தரும் பரப்புகளுக்கு முன்பின் கவலையும் இல்லை, இரண்டு பக்கத்தையும் தானே எடுத்துக்கொள்ளும்.

மேற்கே உள்ள பக்கத்து வீட்டுக்கு 'ஷேடிங்:பில்டிங்:டீடெயில்ட்'. அந்த வீட்டை முழுதாகக் கட்டத் தேவையில்லை, நம்மைப் பார்க்கும் சுவர் ஒரு செவ்வகம் போதும். சந்து 2 மீட்டர், வீட்டு உயரம் 10 மீட்டர் என்றால் எக்ஸ் -2-இல், இசட் 0-இலிருந்து 10 வரை. நம் சுவரின் இசட் ஸோனின் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணப்படுகிறது. இந்தச் செவ்வகத்தின் இசட் கட்டடத்தின் அடியிலிருந்து. ஸோனுக்கு 6.5 கொடுத்திருப்பதை மறந்து, இதையும் மாடி மட்டத்திலிருந்து அளந்து 3.5 என்று போட்டுவிட்டால், பக்கத்து வீடு நம் அறைக்குக் கீழேயே முடிந்துபோய் மாலை வெயில் முழுசாக மேற்குச் சுவரில் இறங்கும்.

அப்புறம் தண்ணி டாங்க். எனர்ஜிபிளஸுக்கு வளைவு தெரியாது, எல்லாம் தட்டைப் பரப்புதான். வட்டத்துக்குள் எண்கோணம் வரைந்தால் வட்டத்தின் பரப்பில் 90 சதவீதம் கிடைக்கும், பன்னிரு கோணத்தில் 95-க்குக் கொஞ்சம் மேல். ஆனால் நிழலுக்காக மட்டும் என்றால் எட்டு முகம் எழுதுவது வீண் வேலை. டாங்க்கின் விட்டத்தை அகலமாக வைத்து, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல, நட்டநிலையில் இரண்டு செவ்வகங்களைக் குறுக்கே நிறுத்துங்கள். மிக மோசமான கோணத்திலும் உண்மையான நிழல் அகலத்தில் 71 சதவீதம் விழும். ஒரு டாங்க்குக்கு இது தாராளம்.

முதலில் கோப்பு பேசட்டும்

ஓட்டியதும் வரைபடத்துக்குப் பாயாதீர்கள். 'எர்' என்ற நீட்சியுள்ள பிழைக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழாகப் படியுங்கள். முனைகள் ஒரே தளத்தில் இல்லை, இரண்டு முனைகள் 0.01 மீட்டருக்குள் ஒட்டிக்கிடக்கின்றன, ஸோன் மூடப்படவில்லை போன்ற புகார்கள் இருந்தால் அங்கேயே நின்று திருத்துங்கள்.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் வந்து, "அண்ணா, எர் ஃபைல்ல ஒண்ணுமே இல்ல, அனுப்பிடவா?" என்றாள். அந்த 'ஒண்ணுமே இல்ல'வைத்தான் நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

அடுத்து எச்டிஎம்எல் அறிக்கையில் 'என்வலப் சம்மரி'. இது வர வேண்டுமென்றால் கோப்பில் 'ஆல்சம்மரி' கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வெளிப்பரப்புக்கும் மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு, திசைக்கோணம், சாய்வு, திசையின் முதலெழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். காகிதத்தில் எழுதி வைத்த 10.56, 7.11 வருகிறதா? நான்கு சுவருக்கும் 180, 90, 0, 270 என்று தனித்தனியாக வருகிறதா? இரண்டு சுவருக்கு ஒரே கோணம் வந்தால் ஒன்று திரும்பியிருக்கிறது. அந்த அட்டவணையை அன்றைக்கு ஒரு நிமிடம் பார்த்திருந்தால் கூட்டத்தில் தலைகுனிந்திருக்க மாட்டேன். வடக்கு அச்சைத் திருப்பியிருந்தால் அந்த டிகிரியைக் கூட்டிக்கொண்டு பாருங்கள்.

'ஈஐஓ' கோப்பில் ஸோனின் கன அளவும் இருக்கும். நமக்கு 36 கன மீட்டர் வர வேண்டும்.

பிறகு சூரியன் பேசட்டும்

அட்டவணை சரியாக வந்தாலும் நான் இந்தச் சோதனையை விடுவதில்லை. 'சர்ஃபேஸ் அவுட்சைட் ஃபேஸ் இன்சிடென்ட் பீம் சோலார் ரேடியேஷன் ரேட் பெர் ஏரியா' என்ற நீளப்பெயர் கொண்ட வெளியீட்டை மணிக்கு மணி கேளுங்கள். பரப்பின் ஒரு சதுர மீட்டரில் நேரடி வெயில் எத்தனை வாட் விழுகிறது என்று சொல்லும்.

சென்னை 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே 23.4 டிகிரி வரை போகும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் தலைக்கு நேர்மேலே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நாள்களில் காலையிலிருந்து மாலை வரை சூரியன் வடக்குப் பாதியை விட்டு நகர்வதே இல்லை. ஆகவே ஜூன் 21-ஐ எடுத்துக்கொண்டால், தெற்குச் சுவரில் நாள் முழுக்க நேரடி வெயில் பூஜ்யமாக இருக்க வேண்டும். வடக்குச் சுவரில் காலையிலும் மாலையிலும் நன்றாக விழும். நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட 80 டிகிரி உயரத்தில் இருப்பதால் சுவரை உரசிக்கொண்டு குறைவாக விழும். டிசம்பர் 21-இல் இதற்கு நேர்மாறு: வடக்கில் பூஜ்யம், தெற்கில் முழு ஆட்டம்.

வெளிநாட்டுப் பாடங்களில் படித்தவர்களுக்கு வடக்குச் சுவர் என்றால் நிழல் என்று மனதில் பதிந்திருக்கும். அவை எழுதப்பட்ட ஊர்களில் அது உண்மை. டென்வருக்கு சரி, பெரம்பூருக்கு இல்லை.

மேற்குச் சுவர் காலையில் பூஜ்யமாக இருந்து, மதியம் ஏறி, பக்கத்து வீட்டு நிழல் வந்ததும் மளமளவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்தச் செவ்வகத்தின் இசட்டைப் பாருங்கள்.

கடைசியாக சன்ஷேடுக்கு ஒரு கைக்கணக்கு. டிசம்பர் 21 நடுப்பகலில் சூரியன் தெற்கே 53.5 டிகிரி உயரத்தில் இருக்கும். 0.6 மீட்டர் நீட்டத்தை அந்தக் கோணத்தின் டேஞ்சன்டால், அதாவது 1.35-ஆல் பெருக்கினால் நிழல் 0.81 மீட்டர் இறங்கும். ஷேட் ஜன்னலுக்கு 0.1 மேலே இருப்பதால் ஜன்னலில் 0.71 மீட்டர் நிழல், மீதி 0.49-இல் வெயில். 0.49-ஐ 1.2-ஆல் வகுத்தால் 0.41. 'சர்ஃபேஸ் அவுட்சைட் ஃபேஸ் சன்லிட் ஃப்ராக்‌ஷன்' என்ற வெளியீட்டில் அன்றைய நடுப்பகலுக்கு இதை ஒட்டிய எண் வர வேண்டும். அச்சாக வராது, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் நிழல் கணக்கை மென்பொருள் 20 நாளுக்கு ஒருமுறைதான் போடுகிறது. சென்னையில் உச்சிப்பொழுது அன்றைக்கு 12 மணி தாண்டி ஏழு நிமிடத்துக்கு வருவதும் கொஞ்சம் தள்ளிவிடும்.

1 என்று வந்தால் ஷேட் வேறு ஜன்னலின் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 0 என்று வந்தால் 0.6-க்குப் பதில் 6 அடித்திருப்பீர்கள். 0.4 பக்கத்தில் வந்தால் கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்துவிட்டு, அப்புறம் ஏசியைத் தொடுங்கள்.